ஒரு பேப்பர் போனா ஒரு வருஷமே போகணுமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஆர்ட்ஸ் ஸ்டூடண்ட்ஸ் முதல் லெவல் பேப்பரை பாஸ் பண்ணாம மேஜர்ல அடுத்த லெவலுக்கு பதிவு பண்ண முடியாதுங்கற விதியை ஆதரிச்சு நீங்க எழுதின தலையங்கம் படிச்சேன். மொழியியல்ல ஒலியியல் (பேச்சு ஒலிகளைப் பத்தின பாடம்) அடிப்படை தெரியாம மேல போனா கிளாஸ்ல ஒண்ணும் புரியாது, புது மொழி கத்துக்கறதும் அப்படித்தான், அங்கெல்லாம் இந்த விதி சரிதான். ஆனா வரலாறுக்கும் அதே கண்டிஷன் எதுக்கு? பண்டைய வரலாறுல கோட்டை விட்டவன் நவீன வரலாறு படிக்கக் கூடாதா என்ன!

எங்க அக்கா பொண்ணு வரலாறு மேஜர், முதல் செமஸ்டர்ல ஒரே ஒரு பேப்பர் போச்சு, அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவாங்களாம், அதனால திரும்ப அது வர்ற வரைக்கும் மேஜர்ல எதையும் தொட முடியாம சம்பந்தமே இல்லாத எலெக்டிவா எடுத்து கிரெடிட்டை நிரப்பிட்டு இருந்தா (ஃபீஸ் மட்டும் கரெக்டா கேட்டாங்க). இப்படி எல்லாருக்கும் பூட்டு போடற பேப்பரை ரெண்டு செமஸ்டர்லயும் நடத்தட்டும், பாடம் நடத்த ஆள் பத்தலன்னா கொஞ்சம் மார்க்ல தவறினவங்களையாவது பழைய பேப்பரையும் அடுத்த லெவலையும் ஒண்ணா எடுக்க விடலாம், யாரை விடலாம்ங்கற முடிவை பதிவு பண்ற கம்ப்யூட்டர் கிட்ட விடாம துறைத்தலைவர் கிட்ட குடுத்துடணும்.