அந்த முப்பத்தாறு காலடிகளுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை வண்டி ஓட்டினேன். நான்கே நான்கு தெரு. திரும்பி வந்து சாவியை மேசையில் வைக்கும்போது கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் போய்ப் படுத்தேன், தூங்கிவிட்டேன். பதினொரு மாதத்தில் மாத்திரை போடாமல் தூங்கிய முதல் இரவு. இந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வண்டியின் குறுக்கே வந்த ஒருவர் இறந்துபோன அந்த விபத்து உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், கேட்காமலேயே என் வேலையையும் சேர்த்துச் செய்த அலுவலகத் தோழிகள், விசாரணைக்குப் போன ஒவ்வொரு நாளும் வெளியே பெஞ்சில் காத்துக் கிடந்த தம்பி, ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்த அக்கா, என் மௌனத்தைப் பொறுத்துக்கொண்ட மனநல ஆலோசகர். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். இன்றைக்கு ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

கீழ்வீட்டு ஐயா. முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மாடிப்படியில் எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, அதுவரை எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம்.

அப்போது எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் சொன்னீர்கள்: "உன் மேல தப்பில்ல, மறந்துடு." பாசத்தில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் கேட்கக் கேட்க நான் இன்னும் தனியாகிப் போனேன். தப்பில்லை என்றால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் இது என்ன? விளக்கை அணைத்ததும் எனக்குள் விசாரணை தொடங்கிவிடும். ஒரு விநாடி முன்னால் பார்த்திருந்தால்? இடது பக்கம் ஒடித்திருந்தால்? இன்னும் ஒரு நிமிஷம் கழித்துக் கிளம்பியிருந்தால்?

ஒருநாள் விடியற்காலையில் ஐயா கதவைத் தட்டினார். "வாம்மா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்." பக்கத்து மைதானத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. தன் செருப்பைக் கழற்றி மண்ணில் வைத்தார். "இதுதான் உன் வண்டி. எவ்வளவு வேகத்துல வந்த?" அறுபது என்றேன். "சரி, அந்தத் தம்பி எவ்வளவு தூரத்துல குறுக்கே வந்தாரு? அங்கே போய் நில்லு." போய் நின்றேன். செருப்பிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். பதினான்கு காலடி. என் பக்கத்தில் நிற்கவில்லை, கடந்து போனார். முழங்கால் வலிக்காரர், ஒரு காலை இழுத்து இழுத்து, சத்தமாக எண்ணிக்கொண்டே முப்பத்தாறு வரை போய் நின்றார்.

"இங்கதான் உன் கால் பிரேக்கையே தொட்டிருக்கும்."

அறுபதில் போகும் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். அவர் காலடிக்கு அது 36. பிறகு வண்டி நிற்க, காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக்கோடு இன்னும் 20 மீட்டர். அதையும் வெறுங்காலோடு நடந்து காட்டினார். நான் பதினான்காவது காலடியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு தூரத்தில் இருந்தார்.

உன் மேல் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. "வலிக்கத்தான் செய்யும்மா. ஒரு உயிரு போயிருக்கு, வலிக்கணும். ஆனா உன்னால பிடிச்சிருக்க முடியாத பிரேக்குக்காக நீ அழாதே." அப்புறம் ஒன்று கேட்டார். "அந்தத் தம்பி பேரு என்ன?" அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவரும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட மனுநீதிச் சோழன் கதையில் ராஜாவின் நீதியைப் பேசுகிறோம், பசுவின் கண்ணீரைப் பேசுகிறோம். தேரோட்டிய இளவரசனை யாரும் நினைப்பதில்லை. கன்று துள்ளி வந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்ததும் பதறி, இதற்குக் கழுவாய் என்ன என்று கேட்கத்தான் போனான். அப்பாவின் காதுக்குச் செய்தி எட்டும் முன்பே. இத்தனை மாதமும் நான் அவனோடுதான் இருந்தேன்.

மேரியான் கிரே என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றி ஆலோசகர் சொன்னார். 1977-இல் அவர் ஓட்டிய காரின் குறுக்கே ஓடிவந்த ஒரு சிறுவன் இறந்துபோனான். 2003-இல்தான் அவர் அதை வானொலியில் வெளிப்படையாகப் பேசினார். பிறகு தன்னைப் போன்றவர்களுக்குத் துணையாக நிற்பதையே வேலையாக எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடங்கள்! எனக்கு ஐயா ஆறாவது வாரமே வந்தார்.

முதலுதவிப் பயிற்சியை முடித்துவிட்டேன். ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து விடாமல் இருப்பது, கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொள்வது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது. அன்றைக்குத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், இனி அப்படி நிற்க மாட்டேன். அதே போல, இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு யார் என்னிடம் வந்தாலும் மறந்துடு என்று சொல்ல மாட்டேன்.

இறந்துபோன அந்தத் தம்பியின் வீட்டாருக்கு ஒரு வரி. உங்களிடம் மன்னிப்புக் கேட்பதுகூட உங்களிடமிருந்து இன்னொன்றைக் கேட்பதாகிவிடும் என்றுதான் கேட்காமல் இருக்கிறேன். அவர் பெயரைத் தினமும் சொல்கிறேன்.

ஐயா, வியாழக்கிழமை முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போக வேண்டும் என்றீர்கள். வேறு வண்டி சொல்லாதீர்கள். ஒன்பது மணிக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.