அம்மாவின் பாட்டாச் செருப்பைத் தடவிப் பார்த்த நேர்ஸ் மிஸ்ஸிக்கு

சீனி வருத்தக்கார அம்மா, காலில் புண்ணோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்றைக்குப் பதினோராம் நாள். கால் காலாகவே இருக்கிறது. மற்றதெல்லாம் சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும் தெரியும். இந்த மூன்று கிழமையும் போன் எடுத்து எடுத்துக் கேட்டவர்கள் அவர்கள்தான். அதையெல்லாம் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை.

அந்த இரவு அம்புலன்சுக்கு 1990 அடித்துவிட்டு ஒழுங்கை முகப்பில் டோர்ச்சோடு நின்ற முன்வீட்டுத் தம்பி, அம்மாவைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஏற்றிக்கொண்டு போன அம்புலன்ஸ் பிள்ளைகள், பெரியாஸ்பத்திரியில் நாளுக்கு நாள் கட்டு மாற்றிய கைகள், விறாந்தையில் பாயோடு கிடந்த சித்தி, "காசைப் பிறகு பாப்பம்" என்று இன்னமும் வாங்காமல் திரிகிற ஓட்டோ அண்ணை, கனடாவிலிருந்து அனுப்பிவிட்டுப் பெயர் சொல்ல வேண்டாம் என்ற வகுப்புக்காரர், உப்பில்லாத சோறும் பாவற்காய்க் கறியும் தந்துவிட்ட மாமி. எல்லாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். ஆனால் இந்த மடல் உங்களுக்கு, மிஸ்ஸி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை.

நீங்கள் வந்த அன்று படலையில் "வீட்டுக்காரர்!" என்று கேட்டதும் மீன்காரர் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தால் ஒரு ஸ்கூட்டி, ஹெல்மெட், தோளில் பை. பிரதேச வைத்தியசாலையிலிருந்து வருகிறேன், பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்றீர்கள். நாங்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டோமாக்கும் என்று பயந்துபோனேன். ஆஸ்பத்திரி ஆள் வீடு தேடி வந்தால் வேறு என்ன நினைப்பது? எங்கள் பக்கம் டெங்குவுக்குத் தண்ணீர்த் தொட்டி பார்க்கத்தான் வருவார்கள்.

புண்ணைப் பார்க்க முதல் மருந்துப் பையைக் கேட்டீர்கள். பை என்றால் பையா அது? கிளினிக் குளிசை, தனியாரில் எழுதித் தந்தது, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த விற்றமின், மூன்று வருடத்துப் பழசு எல்லாம் ஒரு ஷொப்பிங் பாக்கில். பாயில் கொட்டி, ஒவ்வொரு மட்டையாகத் திருப்பித் திருப்பி வாசித்தீர்கள். கிளினிக்கில் சீனிக்குத் தந்த கிளிக்கிளசைட்டும், வெளியில் காசு கொடுத்து வாங்கிய இன்னொரு பெயர்க் குளிசையும் ஒரே மருந்து என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். விடியப்புறம் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுவதற்குப் பித்தம் என்று மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். சீனி இறங்கினாலும் வேர்க்கும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வேர்த்தது. நீங்களாக ஒரு குளிசையையும் நிறுத்தவில்லை. அந்த இடத்திலேயே டொக்டருக்குப் போன் எடுத்து, இரண்டு மட்டையின் பெயரையும் வாசித்துக் காட்டி, அவர் சொன்னதைக் கிளினிக் கொப்பியில் எழுதினீர்கள்.

பிறகு பேனை மாதிரி ஒன்றை எடுத்தீர்கள். நுனியில் தூண்டில் நைலோன் போல ஒரு நூல். பத்துக் கிராம் அழுத்தத்துக்கு வளைகிற நூலாம்.

"அம்மா, கண்ணை மூடுங்கோ. தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ."

முதலில் கையில் தொட்டுக் காட்டினீர்கள். ஓம். பிறகு நல்ல காலில். ஓம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஓம். பிறகு மற்றக் கால், கட்டுப் போட்ட இடத்தை விட்டு, பெருவிரலின் அடிப்பக்கம். அம்மா பேசவில்லை. விரல்களுக்குக் கீழே இருக்கிற மேடு. பேசவில்லை. நூல் வளைவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கண்ணை மூடியபடி, பள்ளிக்கூடப் பிள்ளை கேள்விக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறார். கடைசியில் கேட்டார்:

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்?"

நீங்கள் நிப்பாட்டவில்லை. அந்த நேரமும் நூல் காலில்தான் இருந்தது.

புண் எப்படி வந்தது என்று இந்த மூன்று கிழமையும் கேட்காத ஆளில்லை. "தெரியாது" என்றுதான் அம்மா சொன்னார். ஒளிக்கிறார் என்று நான் ஏசியும் இருக்கிறேன். அந்த ஏச்சுக்கு இந்த மடலில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா.

கையுறையைக் கழற்றிவிட்டு, "அம்மா வழமையாப் போடுற செருப்பு எங்க?" என்றீர்கள். வாசலில் கிடந்த பாட்டாவைக் காட்டினேன். நீங்கள் எழும்பிப் போய், குனிந்து, நீங்களே எடுத்துக்கொண்டு வந்தீர்கள். மடியில் வைத்தீர்கள். உள்ளங்கையால் குதிப் பக்கமிருந்து மெல்லத் தடவிக்கொண்டு போய், பின்பக்கமாக வளைத்து, திரும்பவும் தடவினீர்கள். பெருவிரல் பதிகிற இடத்தில் விரல் நின்றது. அடியில் பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். சாமணத்தால் இழுக்க முக்கால் அங்குலத்துக்கு ஒரு தேசி முள்ளு வந்தது. கிணற்றடித் தேசி. வெறுமனே கிடக்கும்போது ரப்பருக்குள் ஒளிந்திருக்கும். மிதிக்கும்போது மட்டும் நுனி வெளியே வரும். எத்தனை நாள் மிதித்தாரோ.

"ஒவ்வொரு நாளும் போட முதல் இப்பிடிக் கையை வைச்சுத் தடவிப் பாக்க வேணும். கால் சொல்லாதது கைக்குத் தெரியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனீர்கள். உங்களுக்கு அது அன்றாட வேலை. அம்மா அழுதுகொண்டிருந்ததை நீங்கள் காணவில்லை.

"என்ர செருப்பை மடியில வைச்சிட்டாளே, தம்பி."

எழுதலாமோ விடலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த வளவில் ஒரு காலம் யார் கிணற்றடி வரைக்கும் வரலாம், யாருக்குத் தண்ணீர் மூக்குப்பேணியில், யாருக்குச் சிரட்டையில் என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்தான் அம்மா. புண் மணக்கத் தொடங்கியதும் சொந்தக்காரர் சிலர் வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போனார்கள். யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர் என்று உங்களிடம் ஒரு கேள்வியும் அம்மா கேட்கவில்லை. எண்பதை எட்டுகிற அம்மா அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதை நான் கண்ட முதல் நாள் அது.

இரவு இங்கிலாந்தில் இருக்கிற மச்சாள் வட்சப்பில் வந்தா. இவ்வளவு காலமும் "லண்டனில நேர்ஸ்" என்றுதான் ஊருக்குச் சொல்லி வந்தோம், அவவும் திருத்தவில்லை. அவவின் உத்தியோகம் அட்வான்ஸ்ட் கிளினிக்கல் பிரக்டிஷனர். அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், எந்தச் சொல்லும் சரிவரவில்லை. நேர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பாமசிஸ்ட், பரமெடிக் என்று யாரும் அனுபவத்தோடு முதுகலை மட்டத்துக்குப் படித்து அந்த இடத்துக்கு வரலாமாம். இங்கிலாந்தில் 2017இல் அதற்கு ஒரு வரையறையே எழுதினார்கள். நோயாளியைப் பார்ப்பது அதில் ஒரு தூண்தான். ஆட்களை நடத்துவது, பின்னால் வருகிறவர்களுக்குப் படிப்பிப்பது, ஆராய்ச்சி என்று இன்னும் மூன்று. மச்சாள் வேலை செய்வது வீடுகளுக்குப் போகிற குழுவில். அவசரம் என்று அழைப்பு வந்தால் 2 மணித்தியாலத்துக்குள் ஆள் வாசலில் நிற்க வேண்டும். போய்ச் சோதித்து, இரத்தம் எடுத்து, என்ன வருத்தம் என்று தானே முடிவெடுத்து, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா ஆஸ்பத்திரிக்கா என்பதையும் சொல்வா. மருந்து எழுத வேறாகப் படித்துப் பதிந்திருப்பதால் அதற்கும் அவவின் கையெழுத்தே போதும்.

நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, "நூல் போட்டுப் பாத்தவவோ? மருந்துப் பையைக் கொட்டினவவோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தா. பாட்டாக் கதைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் அங்க செய்யிற வேலைதான் அது. நான் கையெழுத்து வைப்பன், அவ டொக்டருக்குப் போன் எடுக்க வேணும்" என்றா. அந்தப் பட்டம், சம்பளம், காருக்குப் பெற்றோல் எல்லாம் வேறு என்று நான் சொல்ல, சிரித்தா.

அம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் ஏறவில்லை. அவருடைய அளவுகோல் வேறு. "உன்னைப் பெத்த நேரம் மிட்வைஃப் அம்மா சைக்கிளில வருவா. நிறுத்துப் பாத்து, குளிக்க வாத்து, எனக்குச் சரக்குத்தண்ணி ஒழுங்கா வைக்கினமோ எண்டும் பாத்திட்டுத்தான் போவா. அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் இந்தப் படலையைத் திறந்துகொண்டு ஒரு ஆள் எனக்கெண்டு வந்தது." 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து, பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு இந்த நாடு நடந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கிழவியாகி, கால் மரத்துப்போய், பிள்ளைகளில் பாதி வெளிநாட்டில் இருக்கையில், அவள்தான் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். மிட்வைஃப் சைக்கிளுக்கும் உங்கள் ஸ்கூட்டிக்கும் இடையில் அம்மாவுக்கு 46 வருடம் ஓடியிருக்கிறது. என் வயது.

அதனால் ஒரு வாக்கு. நேர்த்தி மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அம்மா கட்டிலால் இறங்க முதல் செருப்பிரண்டையும் நான் தடவிப் பார்க்கிறேன். ஏழு நாளாகத் தவறவில்லை. கிணற்றடித் தேசியைத் தறிக்க அம்மா விடவில்லை; கொப்பை மட்டும் வெட்டி முள்ளைப் பொறுக்கி எரித்தேன். சுகவாழ்வு நிலையத்தில் 35 வயது தாண்டிய எவருக்கும் சும்மாவே சீனியும் பிரஷரும் பார்ப்பார்கள் என்று போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். விளங்கியது. திங்கள் போகிறேன்.

அந்த முள்ளை எறியச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. பழைய சித்தாலேபத் தைல டப்பாவுக்குள் போட்டு, சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை கட்டுப் பார்க்க வருவீர்கள் என்று கொப்பியில் எழுதியிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். நீங்கள் சைவமோ மச்சமோ என்று அம்மா கேட்கச் சொன்னார். புதன் பின்னேரத்துக்கு முதல் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கோ, சந்தைக்குப் போக வேணும்.