காலாண்டு முடிவில் பெற்றோர்களுக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, திருத்திய விடைத்தாள்களும் மாணவர்களிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. கலைத்திருவிழாவிலும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசு பெற்றுத் திரும்பினார்கள். பத்தாம் வகுப்புக்கான மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் தடையின்றி நடக்கின்றன. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளை ஒட்டி, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைவராக இருந்த, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் முனைவர் கே. சிவன் அவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் தயாரித்த சுவரிதழ் இன்னமும் அலுவலக வராந்தாவில் இருக்கிறது. அலுவலகத்துக்கு வரும்போது அதன் முன் சற்று நின்று படித்துவிட்டு வருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது.

காலாண்டு மதிப்பெண் வெளியான நாளிலிருந்து, பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவை மாற்றித் தருமாறு கேட்டு வருவோர் அதிகமாகியிருக்கிறார்கள். வணிகவியல் எடுத்த பிள்ளையை உயிரியல் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று சிலரும், கணிதத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டதால் வேறு எதற்காவது மாற்ற வேண்டும் என்று சிலரும் கேட்கிறார்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை இல்லாதவர் கூலி வேலையை விட்டுவிட்டு அரை நாள் இங்கே வந்து காத்திருக்க மாட்டார். ஆனால் சென்ற வாரம் ஒரு தந்தை என்னிடம் வாதாடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், அவருடைய மகள் மதிப்பெண் தாளை நான்காக மடித்துக் கையில் பிடித்தபடி, தலை நிமிராமல் கதவோரம் நின்றிருந்தாள். உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று நான் கேட்டபோது அவள் அப்பாவைத்தான் பார்த்தாள்.

அன்று அவர் சொன்ன ஒரு வாதத்துக்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவனும் அப்பா சொன்னதைத்தானே படித்தார், பிறகு இஸ்ரோவுக்கே தலைவராகவில்லையா என்பது அவர் கேள்வி.

நாகர்கோவிலை அடுத்த மேல சரக்கல்விளையில் 1957-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் சிவன். பள்ளி முடித்ததும் பொறியியல் படிக்க விரும்பினார். தந்தை மறுத்துவிட்டார். ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தும் அவர் இளகவில்லை என்று சிவனே ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே இருந்தால் தோட்ட வேலைக்கும் கைகொடுக்க முடியும் என்பதால், நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார். இதுவரை என்னிடம் வாதாடிய தந்தை சொன்னது சரி. ஆனால் அந்த மறுப்புக்குக் காரணம் பணமில்லாமை. அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்ற ஒப்பீடு அதில் இல்லை. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. கணிதப் பட்டம் முடிந்த பிறகும் மகனின் விருப்பம் மாறவில்லை என்று கண்டதும், ஒருமுறை உன்னைத் தடுத்துவிட்டேன், இனித் தடுக்க மாட்டேன் என்று சொல்லி, நிலத்தை விற்றுப் படிக்க வைக்க முன்வந்தார் அதே தந்தை. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் படித்து 1980-இல் வெளியே வந்தார். சிவனை முன்மாதிரியாகக் காட்டும் பெற்றோர், மகனின் மனத்தைக் கவனித்துத் தம் முடிவை மாற்றிக்கொண்ட அந்தத் தந்தையையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பொறியியல் பட்டம் பெற்றும் வேலை உடனே கிடைக்காததால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார் சிவன். 1982-இல் இஸ்ரோவுக்குள் நுழைந்தபோது, விரும்பிய செயற்கைக்கோள் மையம் கிடைக்காமல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குப் போனார். அங்கேயும் அவர் விரும்பிய காற்றியக்கவியல் பிரிவு கிடைக்கவில்லை, பி.எஸ்.எல்.வி. என்ற ராக்கெட்டை உருவாக்கும் திட்டத்தில் போட்டார்கள். கேட்டது எதுவுமே கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். கிடைத்த இடத்தில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். ஒரு ராக்கெட் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு அதன் பாதையை முன்கூட்டியே காட்டும் 'சிதாரா' என்ற மென்பொருளின் முதன்மைச் சிற்பி அவர். ஏவும் நாளில் மேலே வீசும் காற்றைக் கணக்கில் எடுத்து, அதற்கேற்பப் பாதையை அன்றே திருத்தி அமைக்கும் முறையிலும் அவருடைய பங்கு பெரிது. ஆண்டின் எந்த நாளிலும் ராக்கெட்டை ஏவும் வசதி அதனால் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, பட்டினி கிடந்தும் பொறியியல் கிடைக்காமல் அவர் படித்தாரே, அந்தக் கணிதம்தான்.

ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காகப் பாடப்பிரிவையே மாற்றக் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2010-இல் இரண்டு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் அடுத்தடுத்துத் தோல்வியடைந்த பிறகுதான், 2011-இல் அந்தத் திட்டத்தின் பொறுப்பு சிவனிடம் வந்தது. 2013 ஆகஸ்டில் எரிபொருள் கசிவினால் ஏவுதலை நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று, மிகவும் குளிர்விக்கப்பட்ட திரவ எரிபொருளில் இயங்கும், நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இயந்திரத்துடன் அது வெற்றிகரமாகப் பறந்தது. 2018-இல் இஸ்ரோவின் தலைவரான பிறகு, 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், நிலவின் தரைக்கு ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் உயரத்தில் சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தின் தொடர்பு அறுந்ததும் அவர் கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது. அதே பயணத்தில் அனுப்பிய சுற்றுக்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்து, 2023-இல் சந்திரயான்-3 இறங்கியபோது அதனுடன் தொடர்பு கொள்ளப் பயன்பட்டது. நம் பிள்ளைகளுக்கு ஒரு காலாண்டுத் தேர்வுதான் போயிருக்கிறது.

தொழிற்கல்விப் பிரிவைத் தாழ்வாகப் பேசுபவர்கள், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன் அவர்களும் இதே மாவட்டத்துக்காரர், டிப்ளமோவில் தொடங்கி முனைவர் பட்டம் வரை போனவர் என்பதை அறிந்திருப்பது நல்லது.

இப்போது பள்ளியின் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் குறைவு, உறவினர் ஆலோசனை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டும் பாடப்பிரிவு மாற்ற விண்ணப்பங்கள் இந்தக் கல்வியாண்டில் ஏற்கப்பட மாட்டா. உடல்நலம் போன்ற உண்மையான காரணம் இருந்தால், மாணவரும் வகுப்பாசிரியரும் உடனிருக்க, பெற்றோரின் எழுத்துமூலமான கோரிக்கையின் பேரில் பரிசீலிக்கப்படும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்வதும், பிள்ளைகளின் முன்னிலையில் ஆசிரியர்களிடம் குரல் உயர்த்துவதும் இனி வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் இதை நான் அனுமதிக்கப் போவதில்லை.

இதைக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான பெற்றோர்கள் பொறுமையாகப் பேசினீர்கள், பிள்ளையையும் பேச விட்டீர்கள். அந்த ஒத்துழைப்புக்கு ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி. கணிதத்திலும் இயற்பியலிலும் பின்தங்கியவர்களுக்கு வரும் திங்கள் முதல் மாலையில் தனி வகுப்பு நடத்த ஆசிரியர்கள் தாமாகவே முன்வந்திருக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பச் சற்று நேரமாகும் என்பதால், பேருந்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்