உண்ணியை நாய் மேல் மட்டும் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால் அது பெரும்பாலும் நாய்க்கடியாகவோ வெறிநோயாகவோதான் இருக்கிறது. அது தேவைதான், வெறிநோய்த் தடுப்பூசி பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டு, வேளாவேளைக்குச் சோறு வைத்து வளர்க்கிற வீட்டு நாய்களையும் சத்தமில்லாமல் கொண்டுபோகிற ஒன்று இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறார்கள். சில நாட்களாகவே சரியாகச் சாப்பிடவில்லை, வெயில் அதிகம், அதனால்தான் என்று விட்டுவிட்டார்கள். மூக்கில் ரத்தம் வடிந்த பிறகுதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது, அடிவயிற்றில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். டெங்குவில் நமக்குக் குறைகிற அதே பிளேட்லெட்தான் அதற்கும் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. பிழைத்துவிட்டது. ஆனால் அந்த அக்கா மருத்துவமனை வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தினமும் உண்ணி எடுத்துப் போட்டுக்கிட்டுத்தானே தம்பி இருந்தேன்." அவர் எடுத்தது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். எடுத்தால் மட்டும் போதாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

நம் வீட்டு நாய்களில் அதிகம் பார்க்கிற பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. குஞ்சாக ஒரு முறை, கொஞ்சம் வளர்ந்து ஒரு முறை, முழு உண்ணியாக ஒரு முறை என்று மூன்று தடவை ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். கொட்டமுத்து (ஆமணக்கு விதை) போல உப்பிய பெண் உண்ணி இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பில், கதவு நிலைக்குப் பின்னால், நாய் படுக்கிற சாக்குக்கு அடியில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மேல்நோக்கி ஏறுகிற குணம் வேறு அதற்கு உண்டு, அதனால் கூரை ஓரத்து விரிசலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயைக் குளிப்பாட்டிச் சுத்தமாக்கி, அதே பழைய சாக்கில் படுக்கவிட்டால் என்ன பயன்? விரிப்பைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள், வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், வீட்டுக்குள் மருந்து அடிப்பதென்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அடித்து, காயும்வரை நாயையும் பிள்ளைகளையும் வெளியே வையுங்கள்.

மண்ணெண்ணெய் தடவுவது, பினாயில் கலந்து குளிப்பாட்டுவது, மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலந்து ஊற்றுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். இப்போது மாதம் ஒரு முறை கொடுக்கிற மாத்திரையும் மூன்று மாதம் வரை தாங்குகிற மாத்திரையும் கிடைக்கின்றன, பிடரியில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது. விலை கூடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் ரத்தம் ஏற்றுகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மாத்திரைக்கு முன் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூனையும் இருக்கிற வீடென்றால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

நோய்க்கு வருகிறேன். உண்ணி கடித்ததும் காய்ச்சல் வந்துவிடாது, ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். உண்ணி பரப்புகிற கிருமி எர்லிக்கியா என்றால் முதல் காய்ச்சல் தானாகவே அடங்கி, நாய் தேறிவிட்டது போலத் தெரியும், மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கி அப்புறம்தான் சாய்க்கும். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதே கிருமியால்தான். உண்ணி பரப்புகிற இன்னொரு கிருமியான பபீசியா என்றால் ரத்தச் சிவப்பணுக்களே உடையும், சிறுநீர் காபி நிறத்தில் போகும்.

ஒரு நாள் முழுக்கச் சோறு தொடவில்லை, சுருண்டே படுத்திருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்யாதீர்கள். நமக்குக் காய்ச்சலான 101, 102 டிகிரி நாய்க்கு இயல்பு. 103-ஐத் தாண்டினால்தான் கவலை. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள், பிளேட்லெட் குறைந்த நாய்க்கு ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைத்துவிடும். எர்லிக்கியாவுக்கு எழுதித் தருகிற டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் 28 நாள் கணக்கு. நாலாம் நாளே வாலாட்டிக்கொண்டு ஓடும், அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள்.

குட்டி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று. உட்கார், கை கொடு என்று பழக்குவதற்கு முன்னால், தொட்டால் பொறுத்துக்கொள்ளப் பழக்குங்கள். தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் அடியில் விரல் விட்டுப் பாருங்கள், பேசாமல் நின்றால் ஒரு துண்டு முட்டை. பெரிதான பிறகு, காலைத் தொட்டாலே உறுமுகிற நாய்க்கு யாராலும் உண்ணி பார்க்க முடியாது. உண்ணி கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்க வேண்டாம்.

கால்நடைத் துறைக்கும் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் அக்கறையாகப் பார்க்கிறார், ரத்தம் பார்க்க மட்டும் வெளியே தனியார் லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, முடிவு வர மறுநாள் ஆகிறது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தாலே பபீசியா பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு மருந்தகத்திலாவது இதற்கு வசதியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர் ஒருவர், மதுரை