தும்பிப் படங்களுக்குப் பரிசு கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை வட்டாரத்தில் இயற்கைப் புகைப்படப் போட்டி நடத்தும் கழக நிர்வாகிகளுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்தால் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, சின்னஞ்சிறு பூச்சிகளை நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் விடியற்காலையிலேயே குளக்கரைக்கு வந்துவிடுகிறார்கள். சிங்காநல்லூர் குளத்தங்கரையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தும்பியின் மெல்லிய உடல் கொண்ட உறவான ஊசித்தும்பியைப் படமெடுக்க மண்ணில் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பிள்ளை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? நீங்கள் பரிசு கொடுத்த படங்களைப் பார்த்துத்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு போட்டியில் பரிசு வாங்கிய படம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவர் விரல் நுனியில் ஒரு தும்பி. இறக்கைகள் நான்கும் முதுகுக்கு மேல் ஒட்டினாற்போல் சேர்ந்திருக்கின்றன, பால் கலந்த கண்ணாடி நிறத்தில். எல்லோரும் பாராட்டினார்கள். வளர்ந்த தும்பி இறக்கையை விரித்தேதான் உட்காரும். மடக்கி வைப்பது பெரும்பாலும் ஊசித்தும்பிகள். மடங்கிய இறக்கையோடு ஒரு தும்பி இருக்கிறதென்றால் அது இளம்பூச்சித் தோலை விட்டு வந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கிறது, இன்னும் பறக்கவே தொடங்கவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சற்று நேரத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் வளர்ந்த இளம்பூச்சி சம்புத் தண்டைப் பிடித்து மேலே ஏறுகிறது. முதுகுப்பக்கத் தோல் பிளக்கிறது. தலையும் மார்பும் வெளியே வந்ததும், பின்னுடல் இன்னும் உள்ளே இருக்க, தலைகீழாகத் தொங்குகிறது. அசைவே இருக்காது, செத்துவிட்டதோ என்று தோன்றும். கால்கள் கெட்டிப்பட்டதும் சட்டென்று எழும்பிப் பழைய தோலைப் பற்றிக்கொண்டு வாலை உருவி எடுக்கிறது. அப்புறம்தான் கசங்கிய இறக்கைகளுக்குள் உடல்திரவம் பாய்ந்து அவை விரிகின்றன. அந்த நேரத்தில் ஒரு விரல் பட்டால் இறக்கை வளைந்து, வளைந்தபடியே காய்ந்துவிடும். அதற்குப் பிறகு தோலுரிப்பு கிடையாது, திருத்திக்கொள்ள வழியும் கிடையாது. தும்பி பறந்தபடியே இரை பிடிப்பது. பறக்க முடியாவிட்டால் பட்டினிதான்.

ஆகவே போட்டி விதிகளில் ஒரு வரி சேருங்கள்: தும்பியையோ ஊசித்தும்பியையோ தொட்டோ, இடம் மாற்றியோ, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோ எடுத்த படம் ஏற்கப்படாது. அசையாமல் இருக்கட்டும் என்று டப்பாவில் அடைத்துக் குளிரவைப்பது நம் வட்டாரத்திலும் நடக்கிறது, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். கடைசிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ரா கோப்பையும் (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்பு), அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சில படங்களையும் கேளுங்கள். காட்டில் எடுத்தவரிடம் தூரத்திலிருந்து நெருங்கி வந்த வரிசை இருக்கும். கால்கள் தண்டைப் பற்றியிருக்கின்றனவா, சும்மா சாய்த்து வைத்ததா என்று பாருங்கள். பனித்துளியா, ஸ்ப்ரே அடித்த தண்ணீரா என்பது இன்னும் எளிது. விடியலில் படியும் பனி பூச்சியின் மேலும் பக்கத்துப் புல்லின் மேலும் ஒன்றுபோல் பொடிப்பொடியாக இருக்கும்.

தொடாமல் நல்ல படம் கிடைக்காது என்பவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு. பல தும்பிகள் பறந்து போனாலும் திரும்ப அதே குச்சிக்கு வந்து உட்காரும். நம் நிழல் அதன்மேல் விழாமல் காத்திருந்தால் போதும். உச்சி வெயிலில் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்கும்; உடலில் வெயில் படும் பரப்பைக் குறைக்க அது செய்யும் உபாயம். ஊசித்தும்பி இணைகள் இதய வடிவில் வளைந்திருக்கும், பிறகு ஆண் விடாமல் பிடித்திருக்கப் பெண் நீர்ச்செடித் தண்டுக்குள் முட்டையிடும். இதற்கெல்லாம் பரிசு கொடுங்கள். உதிர்ந்த தோலுக்கென்றே ஒரு பிரிவு வையுங்கள், பிள்ளைகள் அதைத் தாராளமாகக் கையில் எடுக்கலாம். பிளந்த முதுகிலிருந்து வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாய்களின் உட்பூச்சு அவை.

இன்னொன்று. படத்தோடு இடமும் தேதியும் கட்டாயம் என்று ஆக்குங்கள். பக்கவாட்டுத் தோற்றமும் வால் நுனியும் தெரியும் படம் ஒன்றையும் கூடவே கேளுங்கள். பல இனங்களை அந்த நுனியில் உள்ள உறுப்புகளை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். டிட்ச் ஜுவல் என்ற தும்பி மட்டுமே மொய்க்கும் குளத்தில் சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்படலாம். ஸ்ட்ரீம் ரூபி என்ற ஊசித்தும்பி மலையடிவார ஓடைகளை விட்டு இறங்காது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் உலகிலுள்ள 6,016 தும்பி, ஊசித்தும்பி இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 16 விழுக்காடு அழியும் நிலையில் இருப்பதாகச் சொன்னது. நம் ஓடைகளில் எது எங்கே இருக்கிறது என்பதற்கு உங்கள் போட்டிப் படங்களே நல்ல பதிவாகும்.

இந்த ஆண்டு அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். தேர்வு நாளில் கோப்புகளைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வந்து உட்காரத் தயார்.

அன்புடன்,
குளக்கரையில் உங்களோடு நிற்கும் ஒருவர்