மாட் லூயிஸின் படங்களை வாங்கி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் ஏலக்கூடத்தாருக்கும் ஓவியச் சேகரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கனடாவின் பெண் ஓவியர் மாட் லூயிஸ் வரைந்த கறுப்பு ட்ரக் படம் 2022இல் ஒன்டாரியோவின் நியூ ஹம்பர்க்கில் 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. 1970களில் அதே படம் ஓர் உணவகத்தில் சீஸ் சாண்ட்விச்சுக்குக் கைமாறிய கதையைத்தான் செய்திகள் எல்லாம் முதலில் சொல்லின. சுவையான கதைதான். ஆனால் சாண்ட்விச் சாப்பிட்டவர் ஒருவர், பணம் பெற்றவர் இன்னொருவர். வரைந்தவருக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அவர் 1970 ஜூலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவில் பிறந்த மாட், ஓவியப் பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர். அம்மாவோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் அட்டைகள் வரைந்ததுதான் அவருடைய படிப்பு. சிறு வயதிலேயே வந்த மூட்டு வாதம் விரல்களை முடக்கிப்போட்டது. 1938இல் மீன் விற்கும் எவரெட் லூயிஸைக் கட்டிக்கொண்டு, மார்ஷல்டவுன் சாலையோரத்து ஒற்றை அறை வீட்டுக்குப் போனார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மத்தி மீன் டப்பாவில் வண்ணம் ஊற்றி, அட்டைப் பலகையில் வரைந்தார். பலகையோடு நிற்காமல் கதவு, சன்னல் கண்ணாடி, அடுப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த வீடு இப்போது ஹாலிஃபாக்ஸில், மாகாண ஓவியக் கூடத்துக்குள் நிற்கிறது.

அவருடைய எருதுச் சோடியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எங்கள் ஊர் மாடுகளுக்கு நுகத்தடி கழுத்தில் உட்காரும். நோவா ஸ்கோஷியாவில் அதைத் தலையில் வைத்துக் கொம்போடு வாரால் இறுக்குவார்கள். மாட் அதை அப்படியே வரைகிறார். நுகத்துக்கு வண்ணம் தீட்டி, மணி கட்டி, கண்ணுக்கு நீள இமையும் வைக்கிறார். நிழல் மட்டும் எங்கும் விழாது. முதலில் பலகை முழுக்க வெள்ளை பூசி, அதன்மேல் நிறங்களைக் கலக்காமல் வைப்பதால் சிவப்பு சிவப்பாகவே பளிச்சென்று நிற்கிறது. உங்கள் ஏலப் பட்டியல்கள் இதைக் குழந்தை மனசு என்று எழுதிவிட்டு நகர்கின்றன. எனக்கு இதில் தெரிவது கை தேர்ந்த தொழில்.

அந்தத் தொழிலுக்கு அவர் வாங்கிய விலை இரண்டு, மூன்று டாலர், பிறகு ஐந்து. 1965இல் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி தொலைக்காட்சியில் அவரைக் காட்டியபின் படம் கேட்டு எழுதியவர்கள் பெருகினார்கள், விலை பெரிதாக ஏறவில்லை. ஏழையாக இருந்தும் சிரித்த முகம் என்று நீங்கள் அச்சிடும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. அந்தக் குளிரில், அந்த விரல்களோடு இருந்தவருக்கு இன்னும் பத்து டாலர் கிடைத்திருந்தால் சிரிப்பு குறைந்தா போயிருக்கும்?

இரண்டு காரியம் கேட்கிறேன். மாட் லூயிஸ் படத்தின் மதிப்பீட்டைப் போடும் அதே பக்கத்தில், அந்தக் காலத்தில் அவர் தம் படங்களை என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதையும் போடுங்கள். அடுத்தது, உயிரோடு இருப்பவர்களுக்காக. ஒரு படம் மறுபடி விற்கும்போதெல்லாம் வரைந்தவருக்கு ஐந்து விழுக்காடு சேர வேண்டும் என்று கனடாவின் ஓவியர் அமைப்பான கார்ஃபாக் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறது. பிரான்சில் இப்படியொரு சட்டம் 1920லேயே வந்துவிட்டது. மாட் லூயிஸின் பெயரால் சம்பாதித்த நீங்கள் அந்தக் கோரிக்கையை ஆதரிக்கிறோம் என்று அடுத்த ஏலத்துக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள்.

அன்புடன்,
மாட் லூயிஸின் ரசிகர் ஒருவர்