கணக்கு மட்டும் பார்க்கச் சொன்னாய்

அன்பு மகளுக்கு,

மேஜையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையாட்டத்துக்காக நீ எழுதி அனுப்பிய பூதங்களின் கோப்பு வந்து சேர்ந்தது. கூடவே ஒரே வரி: "கணக்கு மட்டும் பாருங்கப்பா." பார்த்தேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தம்பி வேலை மாறப்போகிறான், அதை அவனே உன்னிடம் சொல்லட்டும். நீ தூங்குகிறாயா? கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரம் அதிலேயே தெரிகிறது. அதிகாலை 3.40. அந்த நேரத்தில் யாராவது பூதத்துக்கு நகம் வரைவார்களா?

முதல் பாதி பிரமாதம். பெற்றவன் என்பதால் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன். அந்த 'நிழல் தைப்பான்' பூதம் ஒன்றே போதும். வெளிச்சத்தில் விழுகிற நிழலைத் தரையோடு தைத்துவிடுகிறது, ஆள் அசைய முடியாது. விளக்கை அணைத்தால் நிழலும் இல்லை, தையலும் இல்லை. ஆனால் அணைத்த பிறகு அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. தப்பிக்கும் வழி ஆட்டக்காரர்கள் தூக்கிப் பிடித்திருக்கும் பந்தத்திலேயே இருக்கிறது, அதற்குரிய விலையும் அங்கேயே இருக்கிறது. தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன் திடீரென்று "விளக்கை அணைக்கணும்!" என்று கத்தினான். அம்மா அரண்டுபோய் எழுந்து வந்தாள். இப்படி ஒன்றை யோசித்தவள் என் மகள் என்று இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அது வேறு விஷயம்.

இரண்டாம் பாதிதான் உறுத்துகிறது. அதிலும் 'உட்கார்ந்திருப்பவள்'.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்மர் கிளாஸ் 22, அதாவது அவள்மேல் அடி பட வேண்டிய எண். ஹிட் பாயிண்ட், அதாவது உயிர், 240. ஒவ்வொரு ரவுண்டிலும் 15 பாயிண்ட் தானாகத் திரும்பி வருகிறது. எதிரே நாலாம் லெவலில் நான்கு பேர் என்று நீயே குறித்திருக்கிறாய். நான் தாராளமாகவே நான்கு பேர் கையிலும் பெரிய வாளைக் கொடுத்தேன், அதுவும் மந்திர வாள். டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்டி 7 கூட்டுகிறார்கள். 22ஐத் தொட பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகத்தில் ஆறு, அதாவது 30 சதவீதம். பட்டால் சேதம் இரண்டு டி6, அதாவது ஆறு முகப் பகடை, கூட ஒரு 5, சராசரி 12. ஆக ஒருவர் ரவுண்டுக்கு 3.6 எடுக்கிறார். 20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பாகிறதே, அதற்கு 0.35 சேர்த்துக்கொள். நான்கு பேருக்கும் சேர்த்து 15.8. இவர்கள் 15.8 எடுக்க, அவளுக்கு 15 திரும்பி வந்துவிடுகிறது. மிச்சம் 0.8. இப்போது 240ஐ 0.8ஆல் வகுத்துப் பார். 300 ரவுண்டு!

மூன்று நான்கு ரவுண்டில் முடிந்தால்தான் சண்டை ருசிக்கும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். 5 என்று அடிக்கப்போய் 15 ஆகிவிட்டது போல, கைத்தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அடுத்த பக்கங்களையும் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஒன்றுக்குக்கூடப் பலவீனம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. எல்லாம் ஒற்றை. முன்பெல்லாம் கூட்டம் கூட்டமாகத்தானே எழுதுவாய்? 2008 பதிப்பில் வந்த மினியன்கள்மேல் உனக்கு எவ்வளவு ஆசை! ஒரே ஒரு ஹிட் பாயிண்ட், ஓர் அடி பட்டால் காலி, ஆனாலும் பத்துப் பேர் சேர்ந்து வந்தால் மேஜையே கலகலக்கும் என்பாய்.

சாகாத பூதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ட்ரோலை எடுத்துக்கொள். 2014 பதிப்பில் அதற்கும் ஒவ்வொரு முறையும் 10 பாயிண்ட் திரும்பி வருகிறது. ஆனால் நெருப்போ அமிலமோ பட்டால் அந்த முறை ஆறாது. அதனால்தான் ட்ரோல் ட்ரோலாக இருக்கிறது. வழியே இல்லாவிட்டால் அது வெறும் சுவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்ததிலிருந்து நிலைத்து நின்ற பூதங்களை எண்ணிப் பார், எல்லாவற்றிலும் பிடிக்க ஒரு பிடி இருக்கும். ரஸ்ட் மான்ஸ்டர் பிறந்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்? ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம் ஒன்று வாங்கினாராம், அதில் இருந்த விநோதமான பிராணிகளில் ஒன்றுதான் அது. அது உயிரை வாங்குவதில்லை, இரும்பைத் துருவாக்கித் தின்கிறது. அதனால் முழுக் கவசம் போட்ட பெரிய வீரன்தான் முதலில் நடுங்குவான். மந்திரக்கோலை மட்டும் வைத்திருக்கும் நோஞ்சான் சிரித்துக்கொண்டே முன்னால் போவான். ஒருத்தருக்கு முடியாததை இன்னொருத்தர் செய்துவிடலாம், அதற்குத்தான் நான்கு பேர்.

ஜெல்லி கனசதுரம் என்ற பூதமும் அப்படித்தான். பத்தடித் தாழ்வாரத்துக்கென்றே அளவெடுத்த பத்தடிக் கட்டி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழுங்கிய எலும்பும் வாளும் உள்ளே மிதப்பது தெரியும். கவனமாகப் பார்க்கிறவனுக்கு ஒரு வாய்ப்பு. எண்ணைக் கூட்டித்தான் பயமுறுத்த வேண்டும் என்பதும் இல்லை. 1987இல் ஓர் ஆட்டப் பத்திரிகையின் தலையங்கத்தில் வந்த டக்கர் என்பவரின் கோபோல்ட் கதையையும் நீதான் சொன்னாய். இருக்கிற பூதங்களிலேயே சோப்ளாங்கியான கோபோல்டுகள், நெருப்பையும் சந்துகளையும் வைத்தே பெரிய பெரிய வீரர்களை ஓட ஓட விரட்டின. உனக்குத் தெரியாததையா சொல்கிறேன்? தெரிந்தவள் ஏன் 15 என்று எழுதினாய் என்பதுதான் என் கேள்வி.

சரி, எண்ணை விடு. அவள் யாரையும் துரத்துவதில்லை. அறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கிட்டே போனாலும் ஒன்றும் செய்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும், கூப்பிட்டவருக்கு 3டி10, அதாவது மூன்று பத்து முகப் பகடை சேதம். சராசரி 16.5. நாலாம் லெவல் மந்திரவாதி இரண்டு முறை கூப்பிட்டால் சுருண்டு விழுவான். ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? எவ்வளவு நாளாக? அவளுக்கு என்ன வேண்டும்? ஒரு பூதத்தை எழுதினால் சண்டை இல்லாத நேரத்தில் அது என்ன செய்யும் என்று முதலில் எழுது என்று உனக்கு நீயே போட்டுக்கொண்ட விதி, அந்த நீல நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நோட்டு இங்கேதான் இருக்கிறது, தூக்கிப் போடவில்லை.

மோரேல், அதாவது மன உறுதி, அதையும் குறிக்கவில்லை. 1981இல் வந்த ஆட்டப் பெட்டியில் எல்லாப் பூதத்துக்கும் 2 முதல் 12 வரை ஓர் எண் இருக்கும். இரண்டு டி6 உருட்டி அதைத் தாண்டிவிட்டால் அது ஓடும், இல்லை சரணடையும். 12 என்று போட்டவை மட்டும்தான் கடைசி வரை நிற்கும், ஏனென்றால் இரண்டு பகடையில் 12ஐத் தாண்ட முடியாது. இவளுக்கு எவ்வளவு? 12 என்று மட்டும் சொல்லாதே.

இன்னொன்று. முதல் பாதியில் ஒவ்வொரு பூதத்துக்குக் கீழேயும் ப்ளேடெஸ்ட் குறிப்பு இருக்கிறது. யார் என்ன ஆடினார்கள், யார் சிரித்தார்கள், எங்கே போரடித்தது என்றெல்லாம். இரண்டாம் பாதியில் அந்தக் கட்டம் முழுக்கக் காலி. அந்த நாலு பேர் இப்போது வருவதில்லையா? 15 திரும்பி வருகிற பூதத்தை மேஜையில் வைத்திருந்தால் இரண்டாவது ரவுண்டிலேயே யாராவது உன்னை உலுக்கியிருப்பார்கள். நீ வீடு மாறியதே எங்களுக்கு அத்தை சொல்லித்தான் தெரியும். உன்னவரைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் போனை எடுப்பதற்கு என்ன? "பிஸிப்பா" என்று ஒரு மெசேஜ் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அம்மா "நல்லாத்தான் இருக்கா போல" என்கிறாள். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. அதிகாலை 3.40 வரை விழித்திருந்தால் யாருக்கும் கணக்கு ஓடாது. முதலில் தூங்கு. பூதம் எங்கேயும் போய்விடாது.

உட்கார்ந்திருப்பவளைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். விதியெல்லாம் அவளுக்குத் தெரியாது, ஆர்மர் கிளாஸ் என்றால் ஏதோ வகுப்பு என்று நினைப்பவள். கேட்டுவிட்டு, "கூப்பிடாம சும்மா பக்கத்துல போய் உட்கார்ந்தா என்ன ஆகும்?" என்றாள். நான் மறுபடி எடுத்துப் படித்தேன். அதற்கு உன் விதியில் பதில் இல்லை. சேதமும் இல்லை, தடையும் இல்லை, ஒன்றுமே எழுதவில்லை. அதை முடிவு செய்துவிட்டு எழுது. 15 பாயிண்ட் அப்போதும் திரும்பி வருமா என்பதையும் சேர்த்து எழுது.

அதுவரை இந்தப் பூதத்தை அச்சுக்குக் கொடுக்காதே. ஆட ஆள் இல்லை என்றால், வருகிற சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நீ டி.எம்., ஆட்டத்தை நடத்துகிறவள். தம்பி வழக்கம்போல முன்னால் ஓடிப்போய் அடிவாங்குவான். நான் வாள்காரன். அம்மாவுக்கு மந்திரவாதியைக் கொடுத்துவிடலாம், 22 ஹிட் பாயிண்ட் போதுமா என்று நீயே பார். நாலாவது ஆளுக்கு நீ எங்கேயும் அலைய வேண்டாம், மூன்று பேருக்கு ஏற்றபடி எண்ணைக் குறைத்து வை. வர வேண்டாம் என்றால் போன் போட்டுச் சொல். மெசேஜ் செல்லாது.

அப்பா

பி.கு: நிழல் தைப்பானின் ஊசிக்கு 2டி10 கொடுத்துவிட்டு சராசரி 10 என்று போட்டிருக்கிறாய். 11. ஐந்தாவது பூதத்திலும் இதே தப்பு இருக்கிறது, இரண்டையும் சிவப்பில் குறித்து அனுப்புகிறேன்.